அடக்கிய இருமல்

கொரோனா சமயம். விக்கிரமங்கலத்தில் எங்கள் தெருவில் தொற்று வந்த ஒரு வீட்டை அடைத்துத் தகரம் அடித்தார்கள். அன்றிலிருந்து பால் சொசைட்டியில் அந்த வீட்டுப் பாலை வாங்கவில்லை. எங்கள் பிழைப்பும் கறவை மாடுகள்தான். அந்த நேரம் பார்த்து என் ஐந்து வயது மகள் யாழினிக்குச் சளி, இருமல்.

காய்ச்சல் விசாரிக்க நர்ஸ் வருவது தெரிந்ததும், "அந்தக்கா போற வரைக்கும் இருமக் கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

"வூட்ல யாருக்காவது சளி, இருமல் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டார் நர்ஸ்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

பக்கத்தில் யாழினி கன்னம் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட நின்றாள். கடைசியில் என் புடவையை இழுத்து, "அம்மா, இப்ப இருமிக்கட்டுமா?" என்றாள்.

"இருமிக்க கண்ணு" என்று நர்ஸே சிரித்தபடி அனுமதி கொடுத்தார். அடக்கியதையெல்லாம் இருமித் தீர்த்தாள் பிள்ளை.

இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். அவளுக்கு வெறும் சளி. கொரோனா எனக்குத்தான்!

தகரம் வந்தது, பாலும் நின்றது. உள்ளறையில் தனியாகப் படுத்து, தெருவுக்குக் கேட்காமல் தலையணையில் வாயைப் பொத்தி இருமினேன்.

கதவுக்கு வெளியே யாழினியின் குரல் கேட்டது. "நல்லா இருமும்மா. அந்தக்கா போயிட்டாங்க."

தெருவே கேட்கும்படி இருமினேன். அப்படியொரு நிம்மதி.