தோழர் யோகப்பிரியாவின் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாணம் வழித்துப்போட்டு, பாலைச் சொசைட்டிக்கு அனுப்பியதும் யோகப்பிரியா பெரிய பொட்டாக ஒன்று வைத்துக்கொள்வார். மற்ற நாட்களில் கடுகளவுதான். கைத்தறிச் சேலை, கழுத்தில் மரமணி மாலை. அவருடைய மாடுகளே மிரளும். பிறகு கோழிக் குழம்பில் உப்புப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரத்துக்கு வரும் காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

அதில்தான் கவிஞர்கள் வருவார்கள். தாடி, ஜோல்னாப்பை, குளிக்காத ஒரு கம்பீரம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை; இந்தப் பக்கம் கேரளத்தில் யோகப்பிரியாவின் தோப்பிலேயே இறக்குகிறார்கள். "இலக்கியத்துக்கு எல்லை ஏதுங்க" என்பார் மூத்த கவிஞர் பூபதிராஜா, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு. இருபது வருடமாக ஒரு நாவலும் எழுதிவருகிறார். இதுவரை தலைப்பை மாற்றியதுதான் மிச்சம்.

இவர்களுக்காகத் தீவனக் கொட்டகையையே காலி செய்து பாய் விரித்திருக்கிறார் யோகப்பிரியா. "தவுட்டு மூட்ட மழையில நனையுது, கவித நனையாம இருக்குதாக்கும்" என்று கணவர் பொங்கியண்ணன் முனகினால், "உங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்று வாயை அடைத்துவிடுவார். அக்கா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, தோழர் என்று கூப்பிட வேண்டும். இரண்டாம் தடவை கோழி வேண்டுகிறவர்கள் மறக்காமல் அப்படியே கூப்பிடுவார்கள்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தான் எழுதிய கவிதையில் ஒன்றையாவது இவர்கள் கடைசிவரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். பாவம், இத்தனை வருடத்தில் அது மட்டும் நடக்கவில்லை. நாலு வரி வாசிப்பதற்குள் கள்ளுக்குடம் வந்துவிடும்; அப்புறம் கவிதையாவது கத்தரிக்காயாவது.

போன ஞாயிறு மரமேறி பாண்டீஸ்வரனிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். "நான் படிச்சு முடிக்கற வரைக்கும் குடத்த எறக்கி வெக்காத." அவரும் சொன்ன சொல் தவறாமல், குடத்தைத் தோளில் வைத்தபடி கொட்டகை வாசலிலேயே நின்றார்.

யோகப்பிரியா வாசிக்கையில் கவிஞர்கள் ஒருநாளும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. அத்தனை கண்ணும் யோகப்பிரியாவின் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அவருக்கு அது தெரியாது. இப்படியொரு அமைதியை அவர் கண்டதே இல்லை. மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார்.

"அந்தக் கடைசி வரி இருக்குதுங்களே தோழர், நெஞ்ச அறுத்துப் போட்டுருச்சுங்க" என்றார் பூபதிராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கொட்டகை முழுக்கக் கைதட்டல். கவிதை அப்போது பாதிகூடத் தாண்டவில்லை.

யோகப்பிரியா திரும்பி வாசலைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பாண்டீஸ்வரனிடமிருந்து குடத்தை வாங்கிவந்து தன் நாற்காலிக்கு அடியில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, குடத்துக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.