கப்பலுக்குப் போகாத சால்சா

என் சித்தப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் முக்கால்வாசி கடலில் கழியும். மிச்ச நாள்களில் ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, கடலில் கிடைக்காததையெல்லாம் கேட்டுச் சாப்பிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் அவர் வந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய சால்சா பாட்டில் ஒன்று பெட்டியில் இருந்தது. மெக்சிகோக்காரர்களின் துவையல் என்று அறிமுகப்படுத்தினார். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, தாளிக்க மறந்துபோன தக்காளித் தொக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனாலும் தோசைக்குத் தொட்டுக்கொண்டே இரண்டு நாளில் அதைத் தீர்த்துவிட்டோம்.

சித்தி மனையியல் படித்தவள். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அதையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனோடு சேர்ந்திருந்த நாள்கள் குறைவு. கப்பல் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவர் ஓயாமல் சொன்னதில், திரும்பிப் போகும்போது மாதக்கணக்கில் கெடாத சால்சாவாகச் செய்து கையில் கொடுத்தனுப்புவது என்று முடிவு செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை முழுவதும் தக்காளியாக இருந்தது. ஜாம் பாட்டில்களையும் மூடிகளையும் கொதிநீரில் போட்டு எடுத்தாள். தக்காளியைத் தோலுரித்து நறுக்கி, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் சேர்த்து, வினிகரைக் கண்ணாடி அளவைக் குவளையில் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து ஊற்றினாள். சுடச்சுட நிரப்பி மூடிய பாட்டில்களை அண்டாவில் மறுபடி கொதிக்கவிட்டாள். சித்தப்பா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, வினிகர் வாடை தூக்குது. கொஞ்சம் கம்மி பண்ணு. வெங்காயம் இன்னும் அள்ளிப் போடு."

"காரம், சீரகம், உப்பு எல்லாம் உங்க இஷ்டம். புளிப்பா இருந்தா கொஞ்சம் சர்க்கரை போடறேன். வினிகரைக் குறைக்க முடியாது. வெங்காயம், பூண்டைக் கூட்டவும் முடியாது."

"என் நாக்கு, என் சால்சா."

"பாட்டில்ல போட்டு மூடினப்பறம் அது உங்க நாக்கு கேக்கறபடி இருக்காது."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீச்சர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

மறுநாள் சித்தி விடைத்தாள் திருத்தப் போனாள். அம்மா கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள். சித்தப்பா மிச்சத் தக்காளியை எடுத்து இரண்டாவது தவணையைத் தானே செய்தார். வினிகர் பாதி. வெங்காயம் இரண்டு மடங்கு. பூண்டு நான் உரித்துக்கொடுத்தது அத்தனையும். கொதிக்கவைப்பது, மூடுவது எல்லாம் சித்தி செய்ததுபோலவே செய்தார். இன்ஜினியர் ஆயிற்றே, மூடிகளை முறுக்கியதில் குறை சொல்ல முடியாது. பிறகு பாட்டில்களை முதல் நாள் பாட்டில்களோடு கலந்து அலமாரியில் அடுக்கி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே சிவப்பு.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை பெட்டி கட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவராகவேதான் சொன்னார், சிரித்துக்கொண்டு.

"இதுல பாதி என் கைவண்ணம். எதுன்னு கண்டுபிடி, பாக்கலாம்."

சித்தி சிரிக்கவில்லை. "வினிகர் எவ்வளவு ஊத்தினீங்க?"

"பாதி. அந்த நாத்தம் எவனுக்கு வேணும்?"

"எத்தனை பாட்டில்?"

"யார் எண்ணினது? ஏழோ எட்டோ."

சித்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. திறந்து ருசி பார்த்தால் தெரிந்துவிடுமே என்று அம்மா யோசனை சொன்னாள். "நாக்குல வெக்கற விஷயம் இல்லக்கா இது. பாத்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, சித்தி அலமாரியிலிருந்த அத்தனை பாட்டில்களையும், தான் செய்தவற்றையும் சேர்த்து, ஒரு பக்கெட்டில் இறக்கிக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போனாள். மூடியைக்கூடத் திறக்காமல் தென்னைமரத்தடியில் குழி தோண்டினாள்.

வீட்டு வேலைக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். "இன்னாமா இது? மண்ணுல போட்றத எங்கைல குட்த்தா எம் பசங்க துண்ணுமில்ல?"

"வேணாம்மா. உன் பசங்க சாப்பிடக் கூடாதுன்னுதான் புதைக்கறேன்."

அந்த அக்கா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் பாத்திரம் தேய்த்தார்.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் செஞ்சதுங்கறதாலதானே கொட்டற? அன்னிக்கு நான் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல. ரெண்டு பாட்டில் ஏற்கெனவே பெட்டிக்குள்ள போயாச்சு, அதுக்கு என்ன பண்ணுவ?"

சித்தி மண்ணும் கையுமாக உள்ளே போய்ப் பெட்டியைக் கவிழ்த்தாள். மடித்த சட்டைகள் எல்லாம் தரையில் கிடந்தன. பாட்டில் இல்லை. சும்மா சொன்னேன் என்றார் சித்தப்பா. அவரிடம் இன்னொரு பை இருந்தது. அதைப் பூட்டி சாவியைப் பாக்கெட்டில் போட்டிருந்தார். கேட்டும் கொடுக்கவில்லை.

"தம்பி, அவதான் கேக்கறாளே, திறந்து காட்டிடுங்களேன்" என்றாள் அம்மா.

"என்மேல நம்பிக்கை இல்லாதவளுக்கு எதுக்கு அண்ணி காட்டணும்?"

காலையில் டாக்ஸி வந்தது. வாசலில் சித்தி, "அதுல இருந்தா தூக்கிப் போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் என் தலையைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். நான் மனத்துக்குள் சித்தப்பா கட்சி. உரித்த பூண்டெல்லாம் மண்ணுக்குள் போன வருத்தம் எனக்கும் இருந்தது. அவர் தன்னைவிட நன்றாகச் சமைத்துவிட்டார் என்ற பொறாமையில்தான் சித்தி அப்படிச் செய்தாள் என்பது என் முடிவு.

அதன்பிறகு கப்பல் கரை தொடும்போதெல்லாம் சித்தப்பாவிடமிருந்து ஃபோன் வரும். சித்தி எங்கிருந்தாலும் ஓடி வருவாள். எங்கிருக்கிறீர்கள், எப்போது வருவீர்கள் என்றெல்லாம் கேட்க மாட்டாள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், "கண்ணு நல்லா தெரியுதா? ஒண்ணு ரெண்டாத் தெரியலையே? முழுங்க முடியுதா?" என்பாள். ஒவ்வொரு தடவையும் இதே கேள்விகள்தான். அவர் அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்கும்.

அடுத்த வருடம் சித்தப்பா ஒரு சுற்றுப் பெருத்து, முழு ஆரோக்கியத்தோடு வந்து சேர்ந்தார். பையில் பாட்டில் இருந்ததா இல்லையா என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. மூடிய பாட்டிலுக்குள் புளிப்புக் குறைந்தால் நாள்பட விளையக்கூடிய விஷம் முதலில் கண்ணையும் பிறகு தொண்டையையும்தான் பிடிக்கும் என்று நான் தெரிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு. நாலாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. என் சித்தப்பாவுக்குக் கண்ணாடி போட வேண்டிவரும் போலிருக்கிறது, சித்தி ஃபோனில் அதைத்தான் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.