சருகு அள்ளாத தோட்டம்

“ஐப்பசி முதல் ஞாயிறு, பகல் மூன்றரை. மாடி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. பச்சை முதுகு, அடிவயிறு சிவப்பு, கட்டை வால். மூச்சு இருக்கிறது.”

என் நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான். விழுந்தது ஆறுமணிக் குருவி. பனிக்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வருவது. என் மனைவி அதைச் செருப்பு டப்பாவில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டாள். சற்று நேரத்தில் உள்ளே கால் கீறும் சத்தம் கேட்டது. பிழைத்துவிட்டது, ஆனால் எங்கே விடுவது? தரையில் சருகைக் கிளறிப் புழு தின்னும் பறவை. எங்கள் தெருவில் மண் என்பது பூந்தொட்டிக்குள் மட்டும்தான். போதாததற்குப் பூனைகள் வேறு.

பல்கலைக்கழகத்துத் தாவரவியல் தோட்டம் நினைவுக்கு வந்தது. இருட்டுவதற்குள் போயாக வேண்டும். ஆட்டோ பிடித்தேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் ஓட்டுநர் திரும்பினார். “என்னண்ணே, லவ் பேர்ட்ஸா?”

“காட்டுக் குருவி. அடிபட்டிருக்கு.”

உடனே வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். பின்னால் ஹாரன் அடித்த பைக்குக்காரனிடம் தலையை நீட்டி, “மாப்ள, உள்ள பேஷண்ட் இருக்குடா!” என்றார்.

தோட்டத்து கேட் பூட்டியிருந்தது. ஓட்டுநரும் என்னோடு இறங்கி வந்தார். “ஞாயித்துக்கெழம லீவு சார், நாளைக்கு வாங்க,” என்றார் காவலாளி. டப்பாவை அவர் காதருகே பிடித்தேன். கீறல் சத்தத்தைக் கேட்டவர் சாவியை எடுத்தார்.

“உள்ள போறது மூணு பேரு, வெளிய வாரது ரெண்டு பேரு. மாத்திக் கூட்டிட்டு வந்துராதீக.”

மூங்கில் புதரோரம் கணுக்கால் புதையச் சருகு கிடந்தது. “கூட்டவே மாட்டீகளாண்ணே?” என்றார் ஓட்டுநர்.

“அள்ளக் கூடாதுன்னு உத்தரவு. மண்ணு காஞ்சுரும்ல,” என்றார் வழிகாட்டி வந்த காவலாளி.

டப்பாவைச் சாய்த்தேன். குருவி பறக்கவில்லை. இறங்கி, இரண்டு தத்து தத்தி, ஓர் இலையைப் புரட்டியது. புழு அகப்பட்டது. தின்றுவிட்டு அடுத்த இலைக்குப் போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஒரு நன்றி சொல்லுதா பாருங்க,” என்று ஓட்டுநர் சிரித்தார்.

இந்த மரங்களை நட்டவர்களை எனக்குத் தெரியாது. சருகு அப்படியே கிடக்கட்டும் என்று உத்தரவிட்டவர் யாரென்றும் தெரியாது. அந்த ஞாயிறு மாலை, கையில் டப்பாவோடு கிளம்பியவனுக்குப் போய்ச் சேர ஓர் இடத்தை வைத்திருந்தார்கள். அதற்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

தை மாதம் அங்கே ஓர் ஆறுமணிக் குருவியைப் பார்த்தேன். நன்றாகப் பறந்தது. நாங்கள் விட்டதுதானா என்று சொல்ல அடையாளம் எதுவும் இல்லை. அது மட்டும் இன்னும் உறுதிப்படவில்லை.