ஓரத்தில் வைத்த தொட்டி

திண்டிவனத்தில் எதிர்வீட்டு மாடி ஓரத்துக்குத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றும் சத்தம் கேட்டதும், அப்பா கதவைச் சாத்தச் சொன்னார்.

என் சிறுவயதில், விழுப்புரம் வீட்டில், வாசல் தூணைத் தாண்டி வெளியே நீட்டிய தளத்தில் அவரும் சிமெண்டுத் தொட்டி கட்டினார். பாரம் ஒரு பக்கமே அழுத்தியதால் தூண் வெளிப்புறமாக வளைந்தது. உள்பக்கம் வெடிப்பு விழுந்தது.

"தூணு சாஞ்சிக்கினே வருதுங்க, தொட்டிய எடுத்துடலாம்" என்று அம்மா கெஞ்சினாள்.

"பேஜாரு பண்ணாத" என்று அப்பா வெடிப்பைப் பூசி வெள்ளையடித்தார். ஈரச் சுண்ணாம்பு வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

மறுவாரம் தளம் விழுந்தது. கீழே மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த என் ஆறு வயதுத் தங்கை ஸ்டெல்லா இறந்துபோனாள்.

அதன்பின் இருபது வருடம் அம்மா அவருக்குச் சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கதவைச் சாத்தினேன். "உங்கம்மா சாவறப்பவாவது என்னப் பத்தி எதனா சொன்னாளா?" என்றார் அப்பா.

"இல்லப்பா" என்றேன்.