மலை ஓரத்துக் காலி வரிசை

ஒரு கேமை ஆடறவங்களைவிட அதைப் பத்திக் கருத்து சொல்றவங்கதான் ஜாஸ்தி. நான் வேங்கிக்கால்ல இருக்கேன். கீழ்பென்னாத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். தினமும் பஸ்ல போறப்போ போன்ல ஒரு ராணுவ கேம் ஆடுவேன். என் முறை முடிஞ்சதும் அந்த கேமுக்குக் கீழ ஜனங்க எழுதியிருக்கறதைப் படிப்பேன். "விளம்பரம் தாங்கல, ஒரு ஸ்டார்"னு ஒருத்தர். "பீரங்கியோட பலத்தைக் கம்மி பண்ணிட்டீங்களே, இது நியாயமா?"னு இன்னொருத்தர், என்னவோ அவர் வீட்டுப் பீரங்கி மாதிரி. "ஆபீஸ்ல மேனேஜருக்குத் தெரியாம ஆட சூப்பரா இருக்கு, அஞ்சு ஸ்டார்." இவங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையான்னு திட்டிக்கிட்டே அத்தனையும் படிச்சிடுவேன்.

கேம் ரொம்ப சாதாரணம். கட்டம் கட்டமா ஒரு தரை. நமக்குக் கொஞ்சம் சிப்பாய், டாங்கி, பீரங்கி. எதிராளிக்கும் அதே. நாம ஒரு தடவை நகர்த்தினா அவங்க ஒரு தடவை நகர்த்தணும். அவசரமே இல்ல, காலையில நாம நகர்த்தினா அவங்க வேலை முடிச்சு சாயந்திரம் நகர்த்தலாம். அதனாலதான் என் தம்பிக்கு இது புடிச்சுப்போச்சு. அவன் லோடு வேன் ஓட்டறவன். டீ குடிக்க நிறுத்தற எடத்துல ஒரு ஆளை நகர்த்திட்டு வண்டியை எடுப்பான். நாங்க ரெண்டு பேரும் எப்பவும் ஆடறது நடுவுல மலை இருக்கற மேப்.

அதுல அவன் என்கிட்ட ஜெயிச்சதே இல்ல. காரணத்தைக் கேட்டா சிரிப்பீங்க. எங்க ஊர்ல மலை சுத்தறவங்க ரோட்டோட இடது ஓரமா நடக்கணும்னு ஒரு ஐதீகம். மலையை ஒட்டின ஓரத்துல சித்தருங்க நடக்கறாங்க, நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவங்க வழியில குறுக்க போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க. பௌர்ணமிக் கூட்டத்துல அதையெல்லாம் யாரு பாக்கறா? ஆனா இந்த மகராசன் அதைக் கொண்டுபோய் கேம்ல வெச்சான். மலையை ஒட்டின கட்டத்துல ஒரு சிப்பாயைக்கூட நிறுத்த மாட்டான். அந்த வரிசை முழுக்கக் காலி. மலையை வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு, வெளி வரிசையில நீட்டமா சுத்திக்கிட்டு வருவான். நான் அந்தக் காலி வரிசையில டாங்கியை வுட்டு நேராப் போய் அவன் கொடியைப் புடிச்சு ஜெயிச்சிடுவேன்.

"ஏன்க்கா, அவங்க நடக்கற எடத்துல டாங்கியை வுடறியே, நீயெல்லாம் இந்த ஊர்க்காரியா?"

"டேய் லூசு, இது போனுடா!"

"மலைன்னா மலைதான்க்கா."

ஒரு நாள் பெங்களூருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போனவன் திரும்பி வரல. லோடை இறக்கியிருக்கான். வேன் திரும்பி வர்ற வழியில ரோட்டோரமா பூட்டி நின்னுச்சு. ஆளைக் காணோம், போன் ஸ்விட்ச் ஆஃப். புகார் குடுத்தோம், சொந்தக்காரங்க நாலா பக்கமும் தேடினாங்க, ஒண்ணும் தெரியல. அப்பா எப்பவோ போயிட்டாரு. வீட்ல நானும் அம்மாவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம சோறு தின்னோம்.

அப்படி இருக்கறப்போ ஒரு காலையில, பஸ்ல, போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. கேம்ல இருந்து வந்திருக்கு: "உங்கள் முறை." எதிராளி நகர்த்தினாத்தான் அப்படி வரும். போனைக் கீழ வுட்டுட்டு, சீட்டுக்கு அடியில தடவி எடுத்தேன். பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த யாரோ ஒரு அம்மா "உடம்பு சரியில்லையாம்மா?"ன்னு கேட்டாங்க. தெறந்து பாத்தேன். தம்பியோட பாதியில நின்ன ஆட்டம். அவன் பக்கம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சிப்பாய், மத்ததையெல்லாம் நான் முன்னாடியே அடிச்சு நொறுக்கியிருந்தேன். அந்த ஒத்தை ஆளு வெளி வரிசையில ஒரு கட்டம் முன்னாடி வந்திருந்தான்.

"டேய், எங்கடா இருக்க?"ன்னு கேம்லயே எழுதினேன். பதில் இல்ல. மறுநாள் இன்னொரு கட்டம். அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. நான் ஒரு குண்டு போட்டா ஆட்டம் முடிஞ்சிடும். என் டாங்கி, பீரங்கி எல்லாத்தையும் மூலைக்கு இழுத்துக்கிட்டு அவனுக்கு வழி வுட்டேன். ஒத்தையா மலையைச் சுத்திக்கிட்டே இருந்தான். எனக்குப் பயமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. எது ஜாஸ்தின்னு கேட்டா இன்னிக்கும் சொல்லத் தெரியல.

அம்மாகிட்ட காட்டினேன். போன்ல பேசறதைத் தவிர வேற எதுவும் தெரியாத அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தச் சிப்பாயைப் பாத்துட்டு, "பாரு, ஓரத்தை வுட்டுட்டுத்தான் நடக்கறான்"னாங்க. அதுக்கப்புறம் தினமும் காலையில காபி டம்ளரோட வந்து நிப்பாங்க. "எங்க வந்திருக்கான்?" நான் போனைக் காட்டணும். "ம், எமலிங்கம் தாண்டிட்டான். நாளைக்கு அடி அண்ணாமலை பக்கம் திரும்பிடுவான்." பொம்மை மலைக்கு எங்க ஊர் கிரிவலப் பாதையை அப்படியே பொருத்திட்டாங்க.

அந்தச் சமயத்துலதான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. ஏரிக்கரையில ஒரு உடம்பு கெடச்சுதாம். அடையாளம் தெரியாததால அவங்களே பொதைச்சிட்டாங்களாம். சட்டையை மட்டும் எடுத்து வெச்சிருக்காங்க, வீட்டுக்காரங்க வந்து பாக்கணும்னாங்க. அவன் சட்டை கிழிஞ்சா தைக்கறது அம்மாதான், தையலைப் பாத்துச் சொல்ல அவங்களாலதான் முடியும். நான் கெளம்பச் சொன்னேன். அம்மா அசையவே இல்ல.

"நடந்துக்கிட்டிருக்கறவனோட சட்டை அங்க எப்படிடி இருக்கும்?"

எனக்கும் போகாம இருக்க ஒரு சாக்கு வேணும்தான்.

ஒரு நாள் பஸ்ல வழக்கம் போலக் கருத்துங்களைப் படிச்சிக்கிட்டிருந்தேன். எந்த ஊரோ, எவனோ, புதுசா ஒரு ஸ்டார் போட்டு எழுதியிருந்தான்: "மலை மேப்ல ஒருத்தன்கூட ஆடறேன். மலையை ஒட்டின கட்டத்துல காலே வெக்க மாட்டேங்கறான். சும்மா சுத்திச் சுத்தி வர்றான். என்ன மூளையோ!" எனக்கு அந்த பஸ்லயே எழுந்து கத்தணும் போல இருந்துச்சு. என் தம்பிதான்! வேற எவன் இப்படி ஆடுவான்? அவன் வேற ஆளோடவும் ஆடிக்கிட்டிருக்கான்!

அதுக்குக் கீழ இன்னொருத்தர் பதில் போட்டிருந்தாரு: "அது மனுஷன் இல்ல ப்ரோ. ஆடறவங்க பாதியில வராம போயிட்டா அவங்களுக்குப் பதிலா கம்ப்யூட்டர் ஆடும். அவங்க பழைய ஆட்டத்தைப் பாத்துக் கத்துக்கிட்டு அதே மாதிரி ஆடும்."

எறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டேன்.

சாயந்திரம் அம்மாகிட்ட மறைக்காம சொன்னேன். கோவப்படுவாங்கன்னு நெனச்சேன், சிரிச்சாங்க. "கம்ப்யூட்டருக்கு இன்னாடி தெரியும் சித்தருங்களைப் பத்தி?"

"அவன் ஆடினதைப் பாத்துக் கத்துக்கும்மா."

"பாத்தா வழியைக் கத்துக்கும். பயபக்தி எங்கிருந்து வரும்? அந்தப் பயபக்தியாலதான் என் புள்ள ஓரத்துல கால் வெக்கல. என்னிக்கு அந்த ஆளு அங்க கால் வெக்கறானோ, அன்னிக்கு வந்து சொல்லு."

வகுப்புல நாப்பது பசங்களை ஒரு அதட்டுல உக்கார வெக்கறவ நான். அம்மா முன்னாடி, சரிம்மான்னு தலையாட்டினேன்.

அந்த வாரம் ஒரு நாள் விடியக்காலையில அம்மா என்னை மலை சுத்தக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ரோட்ல அவ்வளவா ஆளு இல்ல. அம்மா இடது ஓரமா வெறுங்காலோட முன்னாடி போனாங்க. மலைப்பக்க ஓரம் காலியாக் கெடந்துச்சு. காத்து இல்ல, ஆனா அந்தப் பக்கம் சருகு மட்டும் நாங்க நடந்தா சலசலங்குது, நின்னா நிக்குது. நாயா இருக்கும்னு திரும்பிப் பாத்தேன். நாயும் இல்ல. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாக்கலாம்னு காலைத் தூக்கினேன், முடியல. இந்தத் தைரியத்துல நான் அவனைக் கிண்டல் பண்ணியிருக்கேன்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள் சிப்பாய் எப்பவும் போலச் சுத்தினான். அப்புறம் ஒரு காலையில போனைத் தெறந்தா, வெளி வரிசையில அவனைக் காணோம். மலையை ஒட்டி, அந்தக் காலி வரிசையில நின்னுக்கிட்டிருந்தான்.

எதுக்குன்னே தெரியாம கருத்துங்களுக்குப் போய்ப் பாத்தேன். மொதல் கருத்தே அதுதான்: "புது அப்டேட் சூப்பர். கம்ப்யூட்டர் இப்ப மத்தவங்களைக் காப்பி அடிக்காம சொந்தமா ஆடுது. மலைக்கிட்ட இருக்கற கட்டத்துலயும் வருது. அஞ்சு ஸ்டார்."

பின்னாடி அம்மா டம்ளரோட வந்து நின்னாங்க. "எங்க வந்திருக்கான்?"

போனைக் கவுத்து வெச்சேன். அம்மா கையை நீட்டினாங்க. குடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"அது அப்டேட்டும்மா. கம்ப்யூட்டரை மாத்தியிருக்காங்க..."

"சித்தருங்க வரிசைக்குப் போயிட்டான்"னாங்க அம்மா. போனை என் மடியில வெச்சாங்க. டம்ளர்ல இருந்த காபியைச் செடிக்கு ஊத்தினாங்க.

"அந்த ஸ்டேஷனுக்குப் போன் போடு. சட்டையைப் பாக்க வர்றோம்னு சொல்லு." உள்ள போனவங்க வாசப்படியில நின்னாங்க. "அவன் கெளம்பின அன்னிக்கு வெள்ளை நூல் தீந்துபோச்சு. காலருக்குக் கீழ நீல நூல்லதான் தைச்சேன். அதையும் சொல்லிடு."