கல்யாணப் பெண் ஏறிய பழைய வேன்

கடலூரில் ஒரு பழைய வேனை என் கணவர் வாங்கி வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கண்ணாடி வைத்த அலமாரி என்று அதற்குள் ஒரு குட்டி வீட்டையே செய்துவிட்டார்.

"இருக்கற வீட்டப் பெருக்கவே முடியல. இதுல இன்னொண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

முதல் பயணமாகப் பிச்சாவரம் கிளம்பினோம். காலையிலேயே நல்ல மழை. சிதம்பரத்துக்குச் சற்று முன்னால் ஒரு கார் பழுதாகி நின்றது. பக்கத்தில் ஒரு மணப்பெண் பெற்றோரோடு தொப்பலாக நனைந்து நின்றாள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு சார். மண்டபத்துல வுட்டுடுங்க," என்று அவள் அப்பா கும்பிட்டார்.

ஏற்றிக்கொண்டோம். பெண்ணின் அம்மாவும் நானும் போர்வையைப் பிடித்து மறைக்க, அவள் பெட்டியிலிருந்த முகூர்த்தப் புடவைக்கு மாறினாள். தலையைத் துவட்டிப் பொட்டு வைத்தேன். வண்டி ஆடியதில் அது புருவத்துக்கு மேல் போய் உட்கார்ந்தது. கண்ணாடியைப் பார்த்ததும், அதுவரை அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

"ரோட்டுலயே நிக்கப் போறேன்னு நெனச்சேன். இப்ப வீட்லேர்ந்து கௌம்பற மாதிரி இருக்குக்கா," என்றாள்.

பொட்டை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி வைத்தேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டி முடிந்ததும் எங்களை விடாமல் பந்தியில் உட்காரவைத்தார்கள்.

"நீங்க யாரு வழிம்மா?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்டார்.

"பொண்ணு வீடு," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அது ஒன்றும் பொய்யில்லை. அவள் அலங்கரித்துக்கொண்டு கிளம்பிய வீடு, வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தது.