மிதந்து வந்த சுக்கான்

இதில் கடைசியாக வரும் சம்பவத்தைப் பதினொரு வருடமாக நானே சந்தேகித்து வருகிறேன். சந்தேகித்துக்கொண்டே, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லியும் வந்திருக்கிறேன். தனியாகச் சொல்லத் துணிச்சல் இல்லாததால் மற்றவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

பாய்மரப் படகுக்குச் சுக்கான் இழைக்கிறேன் என்றால் மஸ்கெலியாவில் யாரும் அதைப் பிழைப்பு என்று நம்புவதில்லை. என்னுடையது கதவு, ஜன்னல் செய்கிற கடைதான். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரையில் இருந்த ஒரு பழைய துரை பங்களா ஹோட்டலாக மாறி, நாலைந்து சின்னப் பாய்மரப் படகுகளை வாங்கிப் போட்டது. அதிலிருந்து, படகின் பின்னால் இருந்து அதைத் திருப்புகிற சுக்கானும், பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க அடியில் இறக்குகிற கீல் பலகையும் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, அது சரியாக இருக்கிறதா என்று கேட்கவும் பயந்து, கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிறவர்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான்.

மீனின் மூஞ்சி

முதல் சுக்கானைக் கொண்டுவந்தவர் கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு சிங்கள டொக்டர். உடைந்ததைக் கொடுத்து, இதே மாதிரி புதிதாக ஒன்று வேண்டும் என்றார். இந்த மலையில் வெட்டுகிற வேலை என்றாலே எனக்கு ஞாபகம் வருவது தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தி. சுக்கானும் தண்ணீரை வெட்டத்தானே போகிறது? உடைந்த சுக்கானில் முன் விளிம்பு உருண்டையாக இருந்தது. பாவம், தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். புதியதில் முன் விளிம்பைக் கத்தி போலச் சீவி, பின் விளிம்பைக் கைக்கு இதமாக உருட்டி வைத்தேன்.

டொக்டர் விரலால் தடவிப் பார்த்தார். கோபப்படவில்லை. இங்கே தச்சனை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படியே கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “பாஸ், மீனுக்கு மூஞ்சி கூரா, வாலு கூரா?”

பஸ்ஸுக்கு ஒரு கீல்

ஹட்டனில் ஃபைபர் பூசக் கொடுத்திருந்த ஒரு கீல் பலகையை பஸ்ஸில் கொண்டுவந்தேன். நாலடி நீளம். கண்டக்டர் டிக்கெட் புத்தகத்தோடு வந்து அதையே பார்த்தார்.

“இது என்னாங்க?”

“படகோட கீலுங்க. சாயாம பிடிக்கிற பலகை.”

“படகு எங்க?”

“தண்ணியில.”

அதற்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நோர்வூட் தாண்டி ஒரு வளைவில் பஸ் சாய்ந்தது. நின்றவர்கள் எல்லாரும் என் மேல் வந்து விழுந்தார்கள். கண்டக்டர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கத்தினார்: “அண்ணே, அத சும்மா வச்சுக்கிட்டு நிக்காம கீழ எறக்குங்க!”

குளவி

சுக்கானின் பின் விளிம்பு தடிப்பாக இருந்தால், படகு வேகம் எடுக்கும்போது அது அதிர்ந்து ரீங்காரம் போடும். அப்போது எனக்கு அது தெரியாது. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த இரண்டு அக்காமாரை ஒருநாள் படகில் ஏற்றிப் போனார்கள். இரண்டு பேரும் முன்பு கொழுந்து பறித்தவர்கள். காற்று பிடித்ததும் சுக்கான் ‘ங்ங்’ என்று ஆரம்பித்தது. இருவரும் ஒரே குரலில் “குளவி!” என்று கத்தி, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு குப்புற விழுந்தார்கள். விழுந்தது ஒரே பக்கமாக. படகு தண்ணீரை மொண்டது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன ஒருவராவது இல்லாத லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடு, இங்கே இல்லை. அந்த விளிம்பை மெல்லியதாகச் சீவிக் கொடுத்த பிறகும் அவர்களில் ஒருவரான மாரியாயி அக்கா என்னை விடவில்லை: “ஏன் பாஸ், மலையில கொட்டுனது பத்தாதுன்னு தண்ணியிலயும் கூடு கட்டி விட்டீங்களா?”

கோயில் வாசல்

நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா தண்ணீருக்குள் போனது. வறட்சியில் தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும். அரைகுறையாக வற்றினால் தெரியாது, கீலில் இடிக்கும். அப்படி இடித்து முனை பெயர்ந்த பலகையை அரையடி குட்டையாக்கச் சொல்லி ஹோட்டல் மேனேஜர் அனுப்பினார். கொண்டுவந்தவர் படகுக் காவலர் சிவலிங்கம் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வராத நாளில் கடை டீ எனக்கு ருசிக்காது.

குட்டையாக்கினால் படகு வழுக்குமே என்று இழுத்தேன். அண்ணன் பலகையின் காயத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கோயிலுக்குள்ள போறப்ப யாரா இருந்தாலும் குனிஞ்சுதானே தம்பி போகணும்?”

மிதந்த பலகை

டொக்டருக்கு நான் இரண்டாவதாகச் செய்து கொடுத்த சுக்கானுக்கு மூஞ்சி சரியாகவே உருண்டிருந்தது. மரம், இங்கே சப்பு என்று சொல்கிற லேசான மரம். ஒரு மாதம் கழித்து, மலையிலிருந்து காற்று இறங்கிய ஒரு பிற்பகலில் அவர் படகு கவிழ்ந்தது. சிவலிங்கம் அண்ணன் மோட்டார் படகில் போய் அவரைத் தூக்கி வந்தார். அன்று மாலையே கடைக்கு வந்து சொன்னார்: “ஒன் சுக்கான்தான் தம்பி அவர காப்பாத்துச்சு. அதக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மெதந்தாரு. ஒனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு.”

அந்தப் பேச்சில்தான் எனக்குப் பெயர் வந்தது. நுவரெலியாவிலிருந்துகூட வேலை வந்தது. டொக்டர் மட்டும் வரவில்லை. அடுத்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டார். அந்தச் சுக்கானைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். “தண்ணியோட போயிருச்சு,” என்றார் அண்ணன். ஒரு ஆளையே தாங்கிய பலகை, ஆள் விட்டதும் எங்கே போகும்? கவிழ்ந்த படகும் மிதக்கும். அதை விட்டுவிட்டு யாராவது பலகையைப் பிடிப்பார்களா? படகோடு பூட்டியிருக்கவேண்டிய சுக்கான் அவர் கைக்கு எப்படி வந்தது? எல்லாம் யோசித்தேன். கேட்கவில்லை. கடை தொடங்கி அப்போது இரண்டாம் வருடம். அண்ணன் எனக்காகப் பொய் சொல்லியிருந்தால், அதை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்வது நன்றி கெட்ட வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நன்றியா, வெறும் பயமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

போன மாதம் தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படகு பழக்கப்போவதாகச் சொல்லி, ஹோட்டலில் நாலு சுக்கான் கேட்டார்கள். “டொக்டர காப்பாத்துனது மாதிரியே செஞ்சு குடுங்க பாஸ்,” என்றார் மேனேஜர். அதே அளவு, அதே மரம், படகில் மாட்டுகிற துளையும் அதே இடத்தில். செய்து சுவரில் சாய்த்து வைத்தேன். கொடுத்தனுப்ப மனம் வரவில்லை.

நேற்று சிவலிங்கம் அண்ணன் டீ குடிக்க வந்தார். “பேர்ப் பட்டியல்ல எம் பேத்தி கவிதா பேருதான் தம்பி மொதல்ல இருக்கு. ஒன் சுக்கான் இருக்கப்ப எனக்கென்ன பயம்?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சுக்கானை எடுத்தார். மாட்டுகிற துளைக்குப் பக்கத்தில், மரம் மெல்லியதாக இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக.

நான் சீவுளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: “அண்ணே, கவிதா ஒக்காரப் போற படகு, அதுனாலதான் கேக்குறேன். அன்னைக்குப் படகு கவுந்து சுக்கான் ஒடஞ்சுச்சா, இல்ல சுக்கான் ஒடஞ்சு படகு கவுந்துச்சா?”